நனைவதும் குளிர்வதும்

கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில், கடலோரக் காவல்படையின் கல்லணையை ஒட்டி ஒரு சின்னக் கடற்கரை இருக்கிறது. பலகையில் சான் கார்லோஸ் கடற்கரை என்று எழுதியிருக்கும். பழகியவர்களுக்கு அது வெறும் ‘பிரேக்வாட்டர்’. வட கலிஃபோர்னியாவில் ஸ்கூபா கற்கும் பலரும் முதன்முதலாகக் கடலுக்குள் தலையை அமிழ்த்துவது இங்கேதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனால் பார்க்கலாம்: வண்டி நிறுத்துமிடம் முழுக்க, கறுப்பு ரப்பருக்குள் தங்களைத் திணித்துக்கொண்டு திணறும் மனிதர்கள். ஒருவர் ஒற்றைக்காலில் குதிப்பார், இன்னொருவர் அவர் முதுகு ஜிப்பை இழுத்துக்கொண்டிருப்பார். கல்லணையின் மேல் படுத்திருக்கும் கடல் சிங்கங்கள் இந்தக் கூத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் காலையில் அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. அதனால் கடல் எனக்குப் புதிதில்லை என்று ஒரு நினைப்பு. மென்பொருள் வேலைக்காக சான் ஹோசே வந்து ஆறு வருடமாகியும் பசிபிக்கில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்பதை அந்த நினைப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நீச்சல்குளத்தில் நடந்த பாடங்களை எல்லாம் நன்றாகவே முடித்திருந்தேன். அங்கே தண்ணீர் 27 டிகிரி. மான்டரேயில் அன்று 11.

வாடகைக்கு எடுத்த வெட்சூட் 7 மில்லிமீட்டர் தடிமன். முதலில் கொடுத்ததைக் கழுத்துவரை ஏற்றுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஓர் அளவு பெரியதாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது சுகமாக இருந்தது. உடைக்கும் உடம்புக்கும் நடுவில் தண்ணீர் நுழையும், உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகிவிடும், அந்தத் தண்ணீர்தான் நம்மைக் குளிரிலிருந்து காப்பாற்றும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அப்படியானால் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நுழைந்தால் நல்லதுதானே?

இந்த யோசனையில் எங்கே பிழை என்று புரிய எனக்கு ஒரு தோல்வியும் சில மாத வாசிப்பும் தேவைப்பட்டன.

முதல் முக்குளிப்பு எப்படியோ முடிந்தது. கையை நீட்டினாலும் குனிந்தாலும் முதுகுத்தண்டு வழியாக ஒரு புதிய குளிர் ஓடை இறங்கியது. கரைக்கு வந்து, உடையை இடுப்புவரை உரித்துவிட்டு, ஈர உடம்போடு காற்றில் நின்று சிப்ஸ் தின்றேன். காலையிலும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது முக்குளிப்பு. ஆறு மீட்டர் ஆழத்தில் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். பயிற்சியாளர் சைகை காட்டினார்: மாஸ்க்கில் தண்ணீரை நிரப்பு, பிறகு மூக்கால் ஊதி வெளியேற்று. குளத்தில் இருபது தடவை செய்ததுதான். மாஸ்க்கின் ஓரத்தைத் திறந்தேன். 11 டிகிரித் தண்ணீர் மூக்கிலும் கண்ணிலும் அறைந்தது. என்னைக் கேட்காமலேயே நெஞ்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. விரல்கள் மரத்துப்போய் மாஸ்க்கின் பட்டையைப் பிடிக்கத் தெரியவில்லை. அடுத்து எனக்கு நினைவிருப்பது, மேலே தெரிந்த வெளிச்சத்தை நோக்கி நான் எம்பியதுதான்.

அழுத்தக் காற்றைச் சுவாசித்த நுரையீரலோடு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிய ஆறு மீட்டர் தாராளமாகப் போதும். அது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருந்தேன். அந்த நொடியில் தெரியவில்லை. பயிற்சியாளர் என் தோள்பட்டையைப் பற்றிக் கீழே இழுத்து, என் வாயில் இருந்த ரெகுலேட்டரை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, நான் மூச்சை வெளியே விடும்வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் மெதுவாக மேலே வந்தோம்.

அவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கரையில் என்னைத் திட்டவில்லை. என் இடுப்புக்குப் பின்னால் உடையைப் பிடித்து இழுத்தார். ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்கு இடைவெளி. “இது உடை இல்லை, வாளி” என்றார். “இன்றைக்குப் போதும்.”

*

எங்கள் தெருவில் சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவர் உண்டு. உறவில்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். தோற்றதை மட்டும் கொஞ்சம் மழுப்பினேன்.

“பதினோரு டிகிரியா? ஏல, ஐஸ் பெட்டிக்குள்ளயால முங்குத?” என்று சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “நம்ம தண்ணியிலயும் குளிரும்ல. நாலஞ்சு மணி நேரம் கெடந்தா பல்லு தந்தியடிக்கும். மேல வந்து வெயில்ல காய்வோம், கருப்பட்டிக் காப்பி குடிப்போம், திரும்ப எறங்குவோம். ஒங்க ஊர்ல வெயிலு உண்டா?”

மே மாத மான்டரேயில் வெயில் ஏது? பாதி நாள் பனிமூட்டம்தான்.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மன்னார் வளைகுடாவின் தண்ணீர் வருடத்தில் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அதிலேயே சில மணி நேரத்தில் உடம்பு நடுங்குகிறது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது என்பதே காரணம். ஆனாலும் கொற்கைக் காலத்திலிருந்து இங்கே முத்தும் சங்கும் எடுக்கக் கல்லைக் கட்டி இறங்கியவர்களுக்கு முதல் எல்லை மூச்சுதான். சூடு தீர்வதற்கு முன்னால் மூச்சு தீரும். மேலே வந்தால் வெயில் இருக்கும். மான்டரேயிலோ முதல் எல்லை சூடு. அப்படியானால் வெதுவெதுப்பான கடலில் மூச்சை நன்றாக அடக்கப் பழகிய ஓர் ஆள் இங்கே இறங்கினால் என்ன ஆகும்?

தேடியபோது தெரிந்தது: அந்தச் சோதனை என் கடற்கரையிலிருந்து சில மைல் தெற்கே, நூற்றிச் சொச்சம் வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

*

கார்மெல் ஊரைத் தாண்டினால் பாயின்ட் லோபோஸ் என்ற பாறை முனை வரும். அதன் வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடாவில் 1850களில் சீன மீனவக் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் கட்டிய ஒரு மரவீடு இன்றும் நிற்கிறது. இப்போது அது சின்ன அருங்காட்சியகம். அங்கே பாறைகளில் அபலோன் ஒட்டிக் கிடந்தது. அபலோன் என்பது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட வளரும், ஒற்றை ஓடு கொண்ட ஒரு நத்தை வகை. கடல் நீர்நாய்தான் அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது. ரோமத்துக்காக நீர்நாயை வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். அதனால் அபலோன் பெருகிக் கிடந்தது. சீனர்கள் கடல் வற்றும் நேரத்தில் கரையோரப் பாறைகளில் அதைப் பெயர்த்தெடுத்துக் காயவைத்தார்கள். ஆழத்தில் கிடந்ததை யாரும் தொடவில்லை.

1897இல் ஜப்பானின் சிபா பகுதியிலிருந்து கென்னோசுகே கோதானி என்பவர் இங்கே வந்தார். மீன்வளம் பற்றி முறையாகப் படித்தவர். சிபா, மூச்சடக்கி முங்கி அபலோன் எடுப்பதில் பரம்பரைத் திறமை கொண்ட கடற்கரை. அங்கிருந்து அப்படிப்பட்ட முக்குளிப்பாளர்களையே அவர் வரவழைத்தார். கண்ணாடி மாட்டி, உடம்பில் அதிகம் ஒன்றுமில்லாமல், ஊரில் எப்படி முங்கினார்களோ அப்படியே இங்கும் முங்கினார்கள்.

முடியவில்லை. அபலோன் எங்கே இருக்கும், எப்படிப் பெயர்ப்பது, மூச்சை எப்படிச் சேமிப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. உடம்பு தாங்கவில்லை. சிறிது நேரம் முங்கினால் நெடுநேரம் நெருப்பருகே கிடக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் தொழில் நடக்காது. வெகு சீக்கிரத்திலேயே கோதானி முறையை மாற்றினார். செம்புத் தலைக்கவசம், ரப்பர் பூசிய கித்தான் உடை, ஈயம் அடித்த காலணி, படகில் கையால் சுற்றும் காற்று பம்ப் என்று கனமான கருவிகளோடு இறங்கும் ஆட்கள் வந்தார்கள். கித்தானுக்குள் கம்பளி ஆடையை அடுக்கிக்கொண்டார்கள். தண்ணீர் உடம்பைத் தொடாது. உலர்ந்த கம்பளிக்குள் நிற்கும் காற்றுதான் காவல். பாயின்ட் லோபோஸ் நிலத்தின் சொந்தக்காரர் ஏ. எம். ஆலனோடு கோதானி கூட்டுச் சேர்ந்து அங்கேயே அபலோனைத் தகரத்தில் அடைக்கும் ஆலையும் நடத்தினார்.

இதைப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலில் கிடந்த ஆட்களே இந்தத் தண்ணீரில் தோற்றுப் பின்வாங்கியிருக்கிறார்கள். குளிரைத் தாங்குவது வீரம் சம்பந்தப்பட்டதில்லை. உடம்பிலிருந்து எவ்வளவு சூடு போகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

*

தலைக்கவச உடை குளிரை வென்றது. ஆனால் ஆளைக் கட்டிப்போட்டது. காற்றுக்குழாய் எட்டும் தூரம்தான் உலகம். தரையில் நடக்கலாம், நீந்த முடியாது. 1943இல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் ‘அக்வாலங்’ கருவியை உருவாக்கியபோது அந்தக் குழாய் அறுந்தது. காற்றை முதுகில் சுமந்துகொண்டு எங்கும் நீந்தலாம். 1940களின் இறுதியில் அது லாஸ் ஏஞ்சலஸ் கடைகளுக்கு வந்துவிட்டது.

காற்றுப் பிரச்சினை தீர்ந்ததும் பழைய பிரச்சினை திரும்ப வந்து வாசலில் நின்றது. இனி மூச்சு முட்டாது. ஆனால் அவ்வளவு நேரம் குளிரை என்ன செய்வது? அதற்கு முன்னும் கலிஃபோர்னியாவில் கருவியில்லாமல் முங்குகிறவர்கள் இருந்தார்கள். சான் டியேகோவில் 1933இலேயே ‘பாட்டம் ஸ்கிராச்சர்ஸ்’ என்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்து ஆட்கள் கம்பளி ஸ்வெட்டரோடு இறங்குவார்கள், நடுங்கிக்கொண்டு ஏறுவார்கள், கரையில் மூட்டிய நெருப்பைச் சுற்றி நிற்பார்கள். சிபாக்காரர்கள் செய்ததும் இதைத்தான், எங்கள் மாமா வெயிலில் காய்ந்ததும் இதைத்தான்.

போர்க்காலத்தில் கடற்படைகளின் நீர்மூழ்கி வீரர்களுக்காக மெல்லிய ரப்பரில் உலர் உடைகள் வந்தன. உள்ளே கம்பளி, வெளியே நீர்புகா ரப்பர். தலைக்கவச உடையின் அதே தத்துவம். சிக்கல் என்னவென்றால், பாறையில் உரசி ஓர் ஊசித்துளை விழுந்தாலும் போச்சு. உள்ளே தண்ணீர் ஏறி, கம்பளி நனைந்து, உடைக்குள் இருந்த காற்றும் வெளியேறிவிடும். குளிர் ஒருபக்கம், மிதக்க முடியாத கனம் மறுபக்கம். துளை விழாவிட்டாலும் ஆழம் போகப்போக ரப்பர் மடிப்புகள் சதையைக் கிள்ளும்.

இருந்தும் யாரும் அந்தத் தத்துவத்தைக் கேள்வி கேட்கவில்லை. நனைந்தால் குளிரும், ஆகவே குளிரக் கூடாது என்றால் நனையக் கூடாது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

*

சந்தேகப்பட்டவர் ஓர் இயற்பியலாளர். ஹ்யூ பிராட்னர், பிறப்பு 1915. போர்க்காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர். பிறகு பெர்க்லியில் லூயிஸ் அல்வரெஸின் குழுவில் துகள் இயற்பியல் ஆய்வு. ஓய்வு நேரத்தில் கடலில் முங்குகிறவர். கடற்படைக்கும் அறிவியலாளர்களுக்கும் இடையில், நீரடி வீரர்களின் சிக்கல்களைப் பேச அமைந்த ஒரு குழுவில் அவருக்குத் தொடர்பு இருந்தது.

பிராட்னரின் யோசனையை எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், எல்லோரும் தேவையைத் தப்பாக எழுதி வைத்திருந்தார்கள். ‘நனையக் கூடாது’ என்பது தேவையே இல்லை. ‘சூடு வெளியே போகக் கூடாது’ என்பதுதான் தேவை. உடைத் துணிக்குள்ளேயே வாயுக் குமிழிகள் பூட்டப்பட்டிருந்தால், தோலை ஒட்டிக் கொஞ்சம் தண்ணீர் இருந்துவிட்டுப் போகட்டும். அது சீக்கிரமே தோலின் வெப்பத்துக்கு வந்துவிடும். குமிழிகள் அந்தச் சூட்டை வெளியே விடாது. துளை விழுந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் நீர்புகாமல் இருப்பதை அந்த உடை நம்பியே இல்லை. இதை விளக்கி அவர் எழுதிய கடிதத்தின் தேதி 1951 ஜூன் 21. எந்தப் பொருளில் செய்வது என்ற கேள்விக்கு ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் பொறியாளர் வில்லார்ட் பாஸ்கம் பதில் சொன்னார்: நியோபிரீன் நுரை.

இந்த இடத்தில்தான் என் வாளி உடையின் மர்மம் அவிழ்ந்தது. நம்மைக் காப்பது உள்ளே இருக்கும் தண்ணீர் என்பது இன்றுவரை புழங்கும் ஒரு தவறான விளக்கம். பிராட்னருக்கு அதில் குழப்பமே இல்லை. காப்பது ரப்பரில் இருக்கும் குமிழி. தண்ணீர் சகித்துக்கொள்ளப்படும் விருந்தாளி மட்டுமே. அந்த விருந்தாளியும் வந்தவர் அங்கேயே இருக்க வேண்டும். தொளதொள உடையில் ஒவ்வொரு அசைவும் சூடான தண்ணீரை வெளியே தள்ளி, 11 டிகிரித் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அன்றைக்கு முழுக்க நான் மான்டரே குடாவைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தவருக்கு அதனால் பெரிய லாபம் எதுவும் வரவில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; விமானிகளின் உடையைப் போல இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். கடற்படையிடம் போனார்கள், நுரையில் இருக்கும் வாயுவை எதிரியின் சோனார் கண்டுகொள்ளும் என்று தயங்கினார்கள். சொந்தமாக விற்கப் பார்த்ததும் பெரிதாகப் போகவில்லை. அதே காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் குளிர் அலைகளில் சறுக்கிக்கொண்டிருந்த ஜாக் ஓநீல் 1952இல் அங்கே ஒரு கடை திறந்து, பிறகு நியோபிரீன் உடையையே தன் பெயராக்கிக்கொண்டார். தெற்கே ரெடாண்டோ பீச்சில் பெவ் மார்கன் ஸ்கிரிப்ஸில் பிராட்னரின் அறிக்கையைப் பார்த்துவிட்டு உடை தைக்க முயன்றார். அவர் கடையில் பங்காளிகளாகச் சேர்ந்த மெய்ஸ்ட்ரெல் சகோதரர்கள் பின்னாளில் ‘பாடி குளோவ்’ என்ற பெயரில் உலகம் அறிய விற்றார்கள். யார் முதலில் என்ற தகராறு பல பத்தாண்டுகள் ஓடியது. 1998இல் ஸ்கிரிப்ஸில் கரோலின் ரெய்னி பழைய கடிதங்களை எல்லாம் தோண்டி எழுதிய ஆய்வு பிராட்னரின் பெயரைச் சொன்னது. அவர் 2008இல், 92 வயதில் இறந்தார். பிரேக்வாட்டர் வண்டி நிறுத்துமிடத்தில் ஜிப்போடு மல்லுக்கட்டும் யாரிடமாவது அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

*

உடை கிடைத்ததும் கடலுக்குள் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்ததும் விபத்துகளும் சேர்ந்தன. அக்வாலங்கை வாங்க அன்று யாருக்கும் எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. காசு கொடு, மாட்டு, இறங்கு.

முறையான பயிற்சி ஓர் இடத்தில் இருந்தது. ஸ்கிரிப்ஸில் கான்ராட் லிம்பா என்ற ஆய்வாளர், அக்வாலங்கோடு இறங்கும் விஞ்ஞானிகளுக்கென்று ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கியிருந்தார். 1954இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி நிர்வாகத்தின் விளையாட்டுத் துறையைச் சேர்ந்த ஆல் டில்மனும், உயிர்காப்பு வீரராக இருந்த அதே பெவ் மார்கனும் அவரிடம் போய்க் கற்றார்கள். திரும்பி வந்து, 1955இல் பொதுமக்களுக்குச் சொல்லித்தரக்கூடிய பயிற்சியாளர்களை உருவாக்கும் வகுப்பைத் தொடங்கினார்கள். பூங்காவும் நீச்சல்குளமும் பராமரிக்கும் ஓர் உள்ளூர் அரசாங்க அலுவலகம் செய்த வேலை இது. டில்மன் பின்னர் 1960இல் நாவி அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1966இல் பாடி வந்தது. இன்று கோவாவிலும் அந்தமானிலும் புதுச்சேரியிலும் ஸ்கூபா கற்பவர்கள் மண்டியிட்டுச் செய்யும் மாஸ்க் பயிற்சிக்கு வம்சாவளி தேடினால், அதன் ஒரு கிளை கலிஃபோர்னியாவின் குளிர்ந்த தண்ணீரில் முடியும்.

லிம்பா 1960இல் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் ஒரு நீரடிக் குகைக்குள் வழி தவறி இறந்துபோனார். அமெரிக்காவில் மற்றவர்களுக்கு எல்லாம் பாதுகாப்பைச் சொல்லித்தந்த ஆள். இந்தத் தகவலைப் படித்த இரவு, என் தோளைப் பற்றி இழுத்த அந்தக் கையை நினைத்துக்கொண்டேன். அந்தப் பிடி தற்செயலானது இல்லை. மாணவன் எப்போது எம்புவான், எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் யாரோ தோற்று, யாரோ செத்து, யாரோ எழுதிவைத்து, கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தவை.

*

குளிரை வெல்லத் தந்த உடை ஒரு புதுக் கணக்கையும் தந்தது. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான். நுரை மிதக்கும். 7 மில்லிமீட்டர் உடையோடு அமிழ வேண்டுமென்றால் பத்துக் கிலோவை ஒட்டி ஈயம் கட்ட வேண்டியிருக்கலாம். சரி, கட்டி இறங்குகிறோம். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மேலே நம்மைத் தூக்கிய உடை கீழே தூக்காது. ஆனால் ஈயம் அதே ஈயம். அதைச் சரிக்கட்ட மேலங்கியில் காற்றை நிரப்ப வேண்டும். ஏறும்போது அந்தக் காற்று விரியும், விட்டுக்கொண்டே வர வேண்டும். சூடும் அப்படித்தான்: தண்ணீர் அதிகம் குளிரும் ஆழத்தில்தான் உடை மெலிந்து நிற்கும். அந்தமானில் மெல்லிய உடையோடு கற்றவர்கள்கூட மான்டரே வந்து மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குவது இதனால்தான்.

செப்டம்பரில் நான் திரும்பப் போனேன். இந்த முறை மூச்சு முட்டிய அந்த அளவையே வாங்கிப் பத்து நிமிடம் போராடி ஏற்றினேன். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். தலையுறையின் ஓரம் கழுத்துப் பட்டைக்குள் சரியாகச் செருகியிருந்தது. பயிற்சியாளர் ஃபிளாஸ்கிலிருந்த வெந்நீரைக் கடல் தண்ணீரோடு கலந்து, சூட்டைத் தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் கையுறைகளிலும் கழுத்து வழியாக உடைக்குள்ளும் ஊற்றினார். எப்படியும் தண்ணீர் வரப்போகிறது. அதைச் சூடாக்க நம் உடம்பு ஏன் செலவு செய்ய வேண்டும்? பிராட்னர் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

மாஸ்க்கைத் திறந்தேன். தண்ணீர் அறைந்தது. நெஞ்சு இழுத்தது. மூன்று மூச்சு காத்திருந்தேன். பிறகு ஊதினேன். கண்ணைத் திறந்தபோது பயிற்சியாளர் ஏற்கெனவே அடுத்த ஆளின் பக்கம் திரும்பியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடலையே பார்த்தேன். கல்லணையைத் தாண்டி ஒரு பழைய குழாயைப் பிடித்துக்கொண்டு போனால், ஆளின் இடுப்புயரம்கூட வரும் வெள்ளைக் கடல் சாமந்திகள் வயலாக நிற்கும். கரையோரம் கெல்ப் காடு. அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு மேற்பரப்புவரை எழும் பழுப்புக் கொடிகள், நல்ல காலத்தில் ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல் வளரக்கூடியவை. மேலிருந்து வெயில் அதன் இலைகளுக்கு நடுவே சாய்ந்து இறங்கும்போது, மாவட்ட நூலகத்தில் உயரமான அலமாரிகளுக்கு நடுவே நின்ற சிறுவனைப் போல இருந்தது எனக்கு.

*

அந்தக் காடு குளிர் தந்தது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாளானது. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கடற்கரையோரமாக வீசுகிறது. பூமியின் சுழற்சி சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துத் தண்ணீர் மேலே வருகிறது. அது குளிர்ந்த தண்ணீர். கூடவே நைட்ரேட் சத்து நிறைந்த தண்ணீர். கெல்ப் வளர்வது அதைத் தின்றுதான். கேனரி ரோவின் ஆலைகளுக்கு ஒருகாலத்தில் சாளை மீன் குவிந்ததும் அந்த வளத்தில்தான். சிபாக்காரர்களைக் கரையேற்றிய குளிரும் அபலோனை அங்கே கொழுக்க வைத்த குளிரும் ஒன்றே.

2013இல் மேற்குக் கரையின் நட்சத்திர மீன்கள் ஒரு நோயில் கொத்துக்கொத்தாகக் கரைந்தன. அடுத்த வருடங்களில் கடல் வெப்ப அலை ஒன்று வந்து 2016 வரை நின்றது. தண்ணீர் சூடானால் சத்துக் குறையும், கெல்ப் மெலியும். கடல் முள்ளெலிகளைத் தின்ற சூரிய நட்சத்திர மீன் இல்லாமல் போனதால், ஊதா நிற முள்ளெலிகள் படையெடுத்து மிச்சக் கெல்ப்பையும் அடிவேரில் கடித்தன. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கெல்ப் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. மான்டரேயில் அவ்வளவு இல்லை. 1938இல் பிக்ஸ்பி ஓடையருகே ஒரு சிறு கூட்டமாகத் திரும்பக் கண்ணில் பட்ட நீர்நாய்களின் வாரிசுகள், கெல்ப் மிஞ்சிய இடங்களில் கொழுத்த முள்ளெலிகளைத் தின்று அந்தத் திட்டுகளைக் காத்தன. ஆனால் காடு போன இடத்தில் பட்டினி கிடந்து உள்ளே ஒன்றுமில்லாத முள்ளெலிகளை அவை சீண்டுவதில்லை. அங்கே வெறும் ஊதாத் தரை. 2021இல் மான்டரேயின் ஒரு பாறைத்திட்டில் முள்ளெலிகளைச் சுத்தியலால் உடைக்கச் சாதாரண ஸ்கூபாக்காரர்களுக்கே அரசு அனுமதி கொடுத்தது. வாரக் கடைசியில் மென்பொருள் எழுதுகிறவர்களும் பள்ளி ஆசிரியர்களும் சுத்தியலோடு இறங்கினார்கள்.

நான் பார்க்கும் காடு என் பயிற்சியாளர் முப்பது வருடம் முன் பார்த்த காடு இல்லை. “அப்போது இங்கே நீந்துவதற்கு இலைகளை விலக்க வேண்டியிருக்கும்” என்று அவர் ஒருமுறை சொன்னார். சிபாவின் ஆட்களும் பிராட்னரும் லிம்பாவின் மாணவர்களும் போராடியது குளிரை எதிர்த்து. அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். பிரேக்வாட்டரில் இப்போது தெர்மாமீட்டரில் 15, 16 என்று காட்டினால், புதியவர்கள் சந்தோஷப்படுகிறார்கள், பழையவர்கள் ஒன்றும் பேசாமல் கெல்ப்பைப் பார்க்கிறார்கள்.

போன சனிக்கிழமை நான் உதவிக்குப் போயிருந்தேன். கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்த பையன், சென்னைக்காரன். உடையை ஏற்றிவிட்டுத் தமிழிலேயே கேட்டான்: “ரொம்பக் குளிருமாண்ணா?”

“குளிரும்பா” என்றேன். அவனைத் திருப்பி நிறுத்தி, இடுப்புக்குப் பின்னால் உடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரல் நுழையவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்தேன்.